இருபத்தைந்து மீட்டர் வட்டம்

நவம்பர் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்கால் மணிப் படகில் எர்லெண்ட் மாமா ஸ்வார்சே தீவை விட்டுக் கிளம்பினார். சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். படகுத்துறையில் நின்ற ஐந்தாறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கயிறு பிடிக்கும் ஜியோர்டிதான் கேட்டான்.

"யாரு போய்ட்டாங்க?"

"யாரும் போகல."

"அப்போ கல்யாணமா?"

"நவம்பர்லயா?"

"கோர்ட்டு கேஸா?"

"நீ கயித்தைப் பாரு."

ஒரு பையில் தோரா அத்தை கட்டிக் கொடுத்த பார்லி ரொட்டியும் சீஸும். இன்னொரு பையில், ஐஸ் போட்ட டப்பாவில், சதை எடுத்துச் சுத்தம் செய்த நண்டு. கோட்டின் உள்பையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரி ஒரு நீல அட்டை நோட்டு. அந்த நோட்டில் என்ன இருந்தது என்று தீவில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, அத்தைக்கு, எனக்கு.

"இதை போன்லயே சொல்லியிருக்கலாமே மாமா" என்றேன்.

"போன்ல சொன்னா என் மூஞ்சி தெரியாது. அந்தப் பையனுக்கு என்னைத் திட்டணும்னு தோணும். ஆள் எதிர்ல இல்லாம எப்படித் திட்டுவான்?"

படகு கிளம்பியது. கிர்க்வாலில் இறங்கி, ஸ்ட்ரோம்னெஸ்ஸுக்குப் போய்ப் பெரிய கப்பல் ஏறி, ஸ்காட்லாந்துப் பெருநிலக் கரையில் இறங்கி, இன்வெர்னெஸ் வரைக்கும் பஸ்ஸில் போக வேண்டும். அறுபத்தொரு வயதில் அவர் தீவுக்கூட்டத்தைத் தாண்டிப் போனது அதோடு ஐந்தாவது தடவை.

எர்லெண்ட் ட்ரெவர் என் அம்மாவுக்குப் பெரியப்பா மகன். இளவயதில் இரண்டு வருடம் எண்ணெய்க் கிணறுகளுக்குக் காவல் நிற்கும் கப்பலில் சமையல் செய்தார். காவல் என்றால், கிணற்று மேடையைச் சுற்றிச் சுற்றி வருவது, எவனாவது கடலில் விழுந்தால் தூக்குவது. இரண்டு வருடத்தில் யாரும் விழவில்லை. சும்மா சுற்றிச் சுற்றி உருளைக்கிழங்கு உரித்ததில் வெறுத்துப்போய் ஊருக்கு வந்து 'ஐவி' என்ற பத்து மீட்டர் படகை வாங்கினார். அன்றிலிருந்து நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் கூண்டு போடுகிறார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், நீரோட்டம் எவ்வளவு இழுத்தாலும், ஐவியை நிறுத்திய இடத்தில் நிற்க வைப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஊருக்கும் உண்டு.

அவரிடம் இன்னொரு குணம் உண்டு. வெளியூர் ஆள் யார் வந்தாலும் அவர்களுக்கு ஊரை நல்லபடியாகக் காட்ட வேண்டும். ஒருமுறை ஒரு ஜெர்மன்காரர் நடுகல்லுக்கு வழி கேட்டார். நேராகப் போனால் பத்து நிமிடம். மாமா அவரை டிராக்டரில் ஏற்றி, கடற்கரையோரமாக மூன்று மைல் சுற்றிக் கூட்டிப்போனார். நேர் வழியில் ஹெட்டில் வீட்டுக்காரர் சாணக் குவியல் போட்டிருந்தார். "அதையா பாக்க அவர் ஜெர்மனியிலிருந்து வந்தாரு?" என்று கேட்டார். விருந்தாளி வீட்டுக்கு வந்தால் விரிசல் விட்ட கோப்பை தன் பக்கம் வந்துவிடும். மழை பெய்தால் அவரே தப்புச் செய்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பார்.

அந்த வருடம் மே மாதம்தான் நான் ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். இரண்டாவது வாரமே சலித்துப்போய்ச் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அம்மா மாமாவிடம் போய், "கால்ல சக்கரம் கட்டின என் மக இங்கா வந்திருக்கா, அவளை உன் படகுல ஏத்திக்கோ, இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டாள். அப்படித்தான் நான் ஐவியில், கயிற்றை இறக்கி ஏற்றும் வின்ச்சை இயக்கும் வேலைக்குப் போனேன்.

அந்தக் கோடையில் ஐவி கூண்டு போடவில்லை. கடல்வள அலுவலகம் அதை வாடகைக்கு எடுத்திருந்தது.

எங்கள் தீவுக்கும் பக்கத்துத் தீவுக்கும் நடுவில் இருக்கும் நீரிணையின் அடியில் யோக் படுகை ஒன்று இருக்கிறது. யோக் என்பது உள்ளங்கை நீளம் வளரும் பெரிய சிப்பி. ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வயல் வரப்பு மாதிரி நீளநீளமாக மேடு கட்டியிருக்கும். வரப்பின் மேல் நட்சத்திர மீன், கடல் முள்ளி, எங்கள் ஊரில் 'செத்தவன் விரல்' என்று சொல்லும் வெள்ளைப் பவளம் எல்லாம் குடியிருக்கும். இரண்டு வரப்புக்கு நடுவில் வெறும் பருக்கைக்கல்லும் செத்த ஓடும்தான். ஒரு யோக் முழுசாக வளர இருபது வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் அந்த இடத்தைச் சட்டம் போட்டுக் காத்துவைத்திருக்கிறார்கள். அடியைச் சுரண்டும் இரும்பு வலை இழுக்கக் கூடாது, நங்கூரம் போடக் கூடாது. கூண்டு மட்டும் போடலாம், அதுவும் படுகை குறையாமல் இருக்கும் வரைக்கும்.

குறைகிறதா இல்லையா என்று ஆறு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். இதுவரை முக்குளிப்பவர்கள்தான் இறங்கி எண்ணினார்கள். அந்த நீரிணையில் ஓட்டம் நிற்பது இருபத்தைந்து நிமிடம்தான். அதற்குள் இறங்கி, எண்ணி, ஏற வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடம் பார்த்தாலே அதிகம். அதற்குப் பதிலாக ஒரு இரும்புச் சட்டத்தில் கேமராவைக் கட்டி, சின்னப் படகிலிருந்து இறக்கிப் படம் எடுத்தால் என்ன? இரண்டு வழியும் ஒரே கணக்கைக் கொடுக்குமா? அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அந்த வருடம் வந்தார்கள். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட அறுபது புள்ளிகள். அதே அறுபதில் முக்குளிப்பவர்கள் ஒரு படகில், கேமரா எங்கள் படகில். சோதனை சரியாக வந்தால் நாடு முழுக்க, கரை முழுக்க, இனி கேமராதான்.

வேலைக்குப் பொறுப்பாக வந்தவர் கெதின். வேல்ஸ்காரர், முப்பது வயது. கடல் பிடிக்காது. தினமும் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்ப்பார். முதல் நாளே மாமாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"தம்பி, இஞ்சி பிஸ்கட் சாப்பிடு. வர்றப்ப வலிக்காது."

"வேணாம் எர்லெண்ட்."

"சாப்பிடாமயே வாந்தி எடுக்கிறதுக்கு, சாப்பிட்டு எடுத்தா ஒரு நியாயம் இருக்குல்ல?"

கெதின் வைத்த விதி எளிது. புள்ளியைச் சுற்றி இருபத்தைந்து மீட்டர் வட்டம். படகு அந்த வட்டத்துக்குள் இருந்தால் போதும், கேமராவை இறக்கலாம். ஓட்டமுள்ள நீரில் அதற்கு மேல் துல்லியம் கேட்பது நடக்காத காரியம். படம் மாமாவின் முன்னால் இருந்த திரையில் தெரியும். இரும்புச் சட்டம் பாறையில் மோதாமல் இருக்க அவர் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று எல்லோரும் நினைத்தோம். கெதின் பின்பக்கம் உட்கார்ந்து, சட்டம் அடியில் உட்கார்ந்ததும் வரும் படத்தைப் பார்த்து, புள்ளி எண்ணையும் நேரத்தையும் எழுதுவார். நான் வின்ச்சில். மாமா "விடு" என்றால் விடுவேன்.

முதல் நாள் ஏழு புள்ளிகள். ஏழில் ஐந்தில் ஒன்றுமில்லை. கல், மணல், ஒரு தனி நண்டு. கெதின் ஒவ்வொரு முறையும் "சரி, அடுத்தது" என்றார், அவ்வளவுதான். ஆனால் மாமாவின் காது சிவந்துகொண்டே வந்தது. கரைக்கு வந்ததும் கெதினிடம் போய், "இன்னைக்கு ஒண்ணும் சரியாக் கிடைக்கல. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார், சமையல் கருகிப்போன வீட்டுக்காரி மாதிரி. கெதின் வாந்தி மயக்கத்தில் தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து "விடு" என்று சொல்ல மாமா கொஞ்சம் நேரம் எடுத்தார். கேமரா அடியிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கும். ஐவி ஓட்டத்தில் மெல்ல நகரும். திரையில் கல், கல், ஓடு, கல். பிறகு கறுப்பாக ஒரு வரப்பின் ஓரம் எட்டிப்பார்க்கும். "விடு." சட்டம் யோக்குகளின் மேல் உட்காரும். வட்டத்துக்குள்தான். எப்போதும் வட்டத்துக்குள்தான். பத்து மீட்டர் வடக்கே, பதினைந்து மீட்டர் மேற்கே. முப்பது வருடமாக அங்கே கூண்டுக் கயிறு இழுத்தவருக்கு எந்த வரப்பு எங்கே ஓடுகிறது என்று திரையைப் பார்க்காமலே பாதி தெரியும்.

பின்பக்கத்திலிருந்து கெதின் கத்துவார். "எர்லெண்ட், இதைப் பாருங்க! எவ்வளவு செத்தவன் விரல்!"

"இருக்கும், இருக்கும்" என்பார் மாமா, அடக்கமாக, அதையெல்லாம் அவரே நட்டு வைத்த மாதிரி.

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் வின்ச்சை விட்டேன். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. விருந்தாளி நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜூலைக் கடைசியில் அறுபதும் முடிந்தது. அத்தை எல்லோருக்கும் நண்டு விருந்து வைத்தாள். கெதின் தரையில் உட்கார்ந்து, ஆடாத தரையைத் தடவிக்கொண்டே, மூன்று தட்டு சாப்பிட்டார்.

அக்டோபரில் அவரிடமிருந்து போன் வந்தது. மாமா அடுப்படியில் கூண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். கையில் ஊசி இருந்ததால் அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எர்லெண்ட், நல்ல செய்தி. கேமராக் கணக்குல, அடியில நூத்துக்கு அறுபத்தெட்டு பங்கு இடத்துல உயிருள்ள யோக் இருக்கு."

"பலே!" என்றாள் அத்தை.

"முக்குளிச்சவங்க கணக்குல நாப்பத்தொண்ணுதான். அதே புள்ளிங்க. அவங்களுக்கு அடியில நேரம் பத்தல, தண்ணி வேற கலங்கல். பாதியை விட்டுட்டாங்கன்னு நினைக்கிறோம். அதனால அந்த முறையை விட்டுட்டு இனிமே கேமராதான்னு அறிக்கை எழுதப்போறேன். அடுத்த மூணு வருஷம் வடக்குல எல்லா வேலைக்கும் ஐவியையே எடுத்துக்கலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. உங்களாலதான் எர்லெண்ட். உங்களை மாதிரி படகை நிறுத்த ஆள் கிடையாது."

மாமா ஊசியைக் கீழே வைத்தார். "தம்பி, முக்குளிச்சவங்க எப்படி இறங்கினாங்க?"

"கல்லு கட்டின கயித்தை வட்டத்துக்குள்ள போடுவாங்க. அது எங்க விழுதோ அங்க."

"கீழ பாக்காமயா?"

"பாக்க முடியாதே. கண்ணை மூடிட்டுப் போடற மாதிரிதான்."

"சரி" என்றார் மாமா. பிறகு, "ஆறு வருஷம் கழிச்சு வேற படகு வந்தா?"

"எந்தப் படகு வந்தாலும் இதே முறைதான். அப்போ அறுபத்தெட்டு இருக்கா, குறைஞ்சிருக்கான்னு பாப்போம்."

போனை வைத்துவிட்டு அத்தை கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தாறு வருடம் பார்த்த முகம்.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"நல்ல இடமாப் பாத்துப் போட்டேன்."

"எதை?"

"கேமராவை."

அவள் முதலில் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த என் பக்கம் திரும்பினாள். "உங்க குடும்பத்துக்கே இது வியாதி. நம்ம கல்யாணப் போட்டோவுல என்னை எதுக்கு அவ்வளவு ஓரமா நிறுத்தினாங்க தெரியுமாடி இங்கா? உடைஞ்ச ஜன்னலை மறைக்க. உங்க பாட்டன் வேலை." பிறகு சிரிப்பு நின்றது. "அதனால என்ன இப்போ?"

மாமா மெதுவாகச் சொன்னார். ஆறு வருடம் கழித்து யாரோ ஒரு படகோட்டி, இந்தப் படுகையைத் தெரியாதவன், வட்டத்துக்குள் சும்மா போடுவான். நாற்பத்தொன்று வரும். அறுபத்தெட்டு எங்கே போனது என்று கேட்பார்கள். அங்கே தொழில் செய்கிறவர்கள் யார் என்று பார்ப்பார்கள். கூண்டு போடுகிற பதினொரு வீடு. செத்துப்போகாத சிப்பிக்கு அந்தப் பதினொரு வீடும் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம், கோடை முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கிச் சரியாக எண்ணியவர்களுக்கு எண்ணத் தெரியாது என்று பேர்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. "மாமா, விதியை மீறலையே. இருபத்தஞ்சு மீட்டர்னு எழுதினது அவங்க. யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. நீங்க சொன்னா அவருக்கு ஒரு வருஷ வேலை போகும். நமக்கு ஐவியோட வேலை போகும். ஊர்ல பேர் போகும்."

"போகும்" என்றார்.

"அப்புறம் ஏன் சொல்லணும்?"

"இங்கா, நான் அவனுக்கு நல்லது பண்றேன்னு நினைச்சுப் பண்ணினேன். அவன் அதை நம்பி எழுதப்போறான். தெரிஞ்சும் நான் வாயை மூடினா, அதுக்கு வேற பேரு."

அத்தை கெட்டிலை இறக்கினாள். "சொல்றதுன்னா ஒழுங்காச் சொல்லு. 'கொஞ்சம் அப்படி இப்படிப் போட்டேன்'னு சொல்லி அந்தப் பையனை இன்னும் குழப்பாத. எங்கெங்க, எவ்வளவு, எழுதிக் கொண்டுபோ."

அதற்குத்தான் அந்த நீல நோட்டு. ஐவியின் வழிகாட்டும் கருவியில் படகு ஓடிய தடங்கள் அப்படியே பதிவாகியிருந்தன. நான் ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவர, புள்ளி எங்கே, சட்டம் எங்கே உட்கார்ந்தது, எந்த வரப்புக்காகக் காத்திருந்தார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று நாள் ஆனது. அறுபதில் முப்பத்தெட்டு. இருபத்தொன்பதாம் புள்ளியில் மட்டும் சண்டை வந்தது. அது தானாக விழுந்தது என்றேன் நான். இல்லை, இரண்டு வினாடி காத்தேன் என்றார் அவர். இரண்டு வினாடியையும் எழுத வைத்தார்.

இன்வெர்னெஸ்ஸில் நடந்ததை அவர் வந்து சொன்னதும், பிறகு ஒரு நாள் கெதின் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அலுவலகத்து வாசலில் கறுப்புக் கோட்டைப் பார்த்த வரவேற்புப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கெதின் ஓடிவந்து, "எர்லெண்ட், யாருக்கு என்ன ஆச்சு?" என்றிருக்கிறார். மாமா உட்காரவில்லை. நோட்டை மேசையில் வைத்தார்.

"இதுல முப்பத்தெட்டு இடம் இருக்கு. அதெல்லாம் நான் பாத்துப் போட்டது."

"பாத்துன்னா?"

"திரையில யோக் வர்ற வரைக்கும் நின்னு."

கெதின் நோட்டைப் புரட்டினார். நாலைந்து பக்கம் புரட்டியதும் நெற்றியை மேசையில் வைத்துவிட்டார். மாமா நின்றுகொண்டே இருந்தார்.

"திட்டு தம்பி. அதுக்குத்தான் வந்தேன்."

"யாரைத் திட்டறது?" கெதின் தலையைத் தூக்காமலே பேசினாராம். "வட்டத்துக்குள்ள இருந்தா போதும்னு எழுதினது நான். திரையை உங்க முன்னாடி மாட்டினது நான். அஞ்சு பேர் அந்த விதியைப் படிச்சாங்க. ஒருத்தனுக்கும் தோணல."

மேலதிகாரி வந்தார். நரைத்த முடி, கறாரான பெண்மணி. நோட்டை நின்றபடியே முழுக்கப் படித்தார். ஐவியின் ஒப்பந்தம் அன்றோடு ரத்து, சோதனையை அடுத்த கோடையில் வேறு படகில் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். மாமா, சரி என்றார். போகும்போது அந்த அம்மாள் கேட்டாராம், "இருபத்தொன்பதுல 'ரெண்டு வினாடி'ன்னு போட்டிருக்கே, அது என்ன?" மாமா விளக்கினார். அந்த அம்மாள் நோட்டை மூடித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

நண்டு டப்பாவைக் கொடுக்க மாமா மறக்கவில்லை. ஆனால் இந்த நேரத்தில் கொடுத்தால் கையூட்டு மாதிரி இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. திருப்பி எடுத்துவந்து, வரும் வழியில் பஸ் டிரைவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த டிரைவருக்கு நண்டு ஆகாது என்று தெரிந்தது அப்புறம்தான்.

ஊர் என்ன சும்மா விடுமா? அவர் எதற்காகப் போனார் என்பது ஒரே வாரத்தில் பரவிவிட்டது. கடையில் ஹெட்டில் வீட்டுக்காரர் கூப்பிட்டார்: "எர்லெண்ட், என் மாட்டை விக்கணும், போட்டோ எடுக்க வாயேன். நொண்டிக் காலு தெரியாம எடுக்கணும்." சர்ச்சில் பாதிரியார்கூட, "நம்ம கூரையை ஆய்வு பண்ண ஆள் வர்றாங்க, நீங்க அன்னைக்குக் கொஞ்சம் வீட்டுலயே இருங்க" என்றார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கூண்டு போடும் பதினொரு வீட்டுக்காரர்கள் மட்டும் அதைப் பற்றிக் கிண்டல் செய்யவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு காலை அவர் வீட்டு வாசலில் யாரோ புதுக் கயிறு ஒரு சுருள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அடுத்த கோடையில் மேற்குக் கரையிலிருந்து ஒரு பெரிய படகு வந்தது. அதில் படகோட்டிக்குத் திரை கிடையாது. அவன் புள்ளிக்குப் போய் நிற்பான், கெதின் கடிகாரத்தைப் பார்த்து "விடு" என்பார், விழுந்த இடத்தில் விழும். மாமா தன் கூண்டுகளை எல்லாம் அவர்கள் வழியிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிட்டார். கரையிலிருந்து பார்த்தால் அந்தப் படகு ஓட்டத்தில் தடுமாறுவது தெரியும். வட்டத்துக்குள் வருவதற்கே மூன்று தடவை சுற்றும். எனக்கே கை பரபரத்தது. ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெற்கிலிருந்து வா, ஓட்டத்துக்கு முகம் கொடு என்று. மாமா ரேடியோவை அணைத்துவிட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கப் போய்விட்டார்.

செப்டம்பரில் கெதின் தானே தீவுக்கு வந்து சொன்னார். கேமரா நாற்பத்து மூன்று. முக்குளிப்பவர்கள் நாற்பத்திரண்டு. இரண்டு வழியும் ஒன்றுதான். கேமராவை நம்பலாம், முக்குளித்தவர்களும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

"நாப்பத்துமூணா?" என்றார் மாமா.

"ஆமா."

"அவ்வளவுதானா இருக்கு?"

"அவ்வளவுதான் எர்லெண்ட். முன்னாடியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்திருக்கும். குறையல. நடுவுல கல்லும் இருக்கும், அது படுகையோட குணம்."

மாமாவுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பாதிக்கும் மேலே கல் என்பதை அவர் அதற்கு முன் எண்ணிப் பார்த்ததே இல்லை. கூண்டுக்காரன் நண்டு இல்லாத இடத்தை எதற்கு எண்ணுவான்? ஒரு தட்டை எடுத்து வைத்து, "சாப்பிட்டுட்டுப் போ தம்பி" என்றார்.

வடக்குக் கரை வேலைகள் எதற்கும் ஐவியை மறுபடி கூப்பிடவில்லை. கெதின் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார், மேலிடத்தில் முடியாது என்றார்கள். மாமா பழையபடி கூண்டு போட்டார். நான் அந்தக் குளிர்காலம் வரை இருந்துவிட்டு மறுபடி கிளம்பினேன். வடக்கு நார்வேயில் ஆறு மாதம், பிறகு வேறு வேறு இடம். அவர் கடிதம் எழுதுகிறவர் இல்லை. அத்தை அவ்வப்போது வானிலை மட்டும் எழுதுவாள்.

மூன்று வருடம் கழித்து, மே மாதத்தில், அத்தை ஒரு செய்தியை எனக்கு அனுப்பினாள். முன்பின் தெரியாத ஒருவர் கெதினிடம் முகவரி கேட்டு மாமாவுக்கு எழுதியது. கீழே அத்தை இரண்டு வரி சேர்த்திருந்தாள்: "நேத்திலேருந்து இதைப் படிச்சுப் படிச்சுச் சிரிக்கிறார். பதில் எழுதத் தெரியாம என்னைப் படுத்துறார். நீ வந்து எழுதிக் குடு." செய்தி இதுதான்.

"ஐயா, என் பேரு ஒட்வார். நார்வேயில சென்யா தீவு. படகு ஓட்டறேன். இந்த வாரம் என் படகுல கேமரா இறக்கி அடியைப் பாக்குறாங்க. கையேடு குடுத்தாங்க. அதுல படகோட்டி திரையைப் பாக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. இருபது வருஷமா இங்க ஓட்டறேன், எனக்கே தடையான்னு கேட்டேன். ஸ்காட்லாந்துல ஒரு தீவுக்காரர் தானா வந்து சொன்னதால வந்த விதின்னு சொன்னாங்க. உங்க மேல எனக்கு ரெண்டு நாள் பயங்கரக் கோவம். இன்னைக்குக் காலையில அஞ்சு தடவை போட்டோம், அஞ்சும் வெறும் சேறு. எனக்குத் தெரியும், பதினெட்டு மீட்டர் வடக்க என்ன இருக்குன்னு. வந்திருக்கிற பொண்ணு நல்ல பொண்ணு, பெர்கன்லேருந்து வந்திருக்கா, ஒண்ணுமே பாக்கல பாவம். கை தானா சுக்கானைத் திருப்பப் பாக்குது. பாக்கெட்டுக்குள்ள விட்டு வெச்சிருக்கேன். இப்போ உங்க மேல கோவம் இல்ல. நீங்க முப்பத்தெட்டு தடவை நகர்த்திப் போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு அது ரொம்பக் கம்மியாத் தெரியுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்தச் சேத்து மேலதான் நிப்பேன், முடிஞ்சா அதுக்குள்ள பதில் போடுங்க."